புயலுக்குப் பசறையில் இருபது நிமிடத் தேநீர்

மயில்பாறைத் தோட்டப் பாடசாலை,
தரம் ஐந்து வகுப்பறை,
ஹாலிஎல.
மார்கழி 3, புதன்கிழமை

கோபமும் குறையாத, பாசமும் குறையாத இராமையா மாமா அவர்களுக்கு,

இத்தால் சகலருக்கும், விசேடமாகக் கொழும்புத் துணிக்கடையில் மேற்பார்வையாளராக அமர்ந்து அரசாளும் தங்களுக்கும் அறியத்தருவது என்னவென்றால், இன்று காலை ஆறு மணி பதினான்கு நிமிடமளவில் எனது மேலுதட்டில் மீசையின் ஏழாவது முடி முளைத்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அப்பா மட்டும், "அது கரிடா, மூஞ்சிய கழுவு" என்று மாற்றுக் கருத்துத் தெரிவித்தார். அவரது கருத்து பதிவு செய்யப்பட்டு நிராகரிக்கப்பட்டது. இந்த நற்செய்தியுடன், நாங்கள் நால்வரும் சுகம். நீங்களும் அத்தையும், கடை வாசலில் சேலை கட்டி நிற்கும் தலையில்லாத பொம்மைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் சரஸ்வதியை வேண்டிக்கொள்கிறேன். நம் வீட்டுப் பிள்ளையார் இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறார். அவரை இப்போது தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நாங்கள் "ஆமாங்க மாமா" என்போம், லைன் அறுந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து சுதர்ஷினி அக்காவைக் கூட்டிப்போய், திங்களன்றே கடைக் காசாளர் மேசையில் உட்கார வைக்கப்போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். "வீடும் போச்சு, இனி என்னத்துக்கு அந்த ஆப்பு கீப்பு. ஆப்பம் சுட்டாலும் நாலு பேரு வயிறு நெறையும். ஆப்பு சோறு போடுமா?" என்றும் கேட்டீர்களாம். அம்மா தலையாட்டிவிட்டார். உங்கள் பேச்சுக்கு அப்பா மறுபேச்சுப் பேசி என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அக்காவோ பையில் துணி மடித்து வைக்கிறாள். பண்டாரவளையில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம் இரண்டு வருடப் படிப்புக்கு இடம் தந்திருக்கிற கடிதம் அந்தத் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அது அம்மாவுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அக்கா பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்பது இந்தக் கடிதத்துக்கு அப்பாற்பட்ட விடயம். அவளை பஸ் ஏற்றுவதற்கு முன்னால் அவள் போனுக்கென்று எழுதிய இந்த ஆப் என்ன செய்தது என்பதையும், அதில் பிரதம பராமரிப்புப் பொறியியலாளராகிய உங்கள் மருமகனின் பங்கு எவ்வளவு பெரியது என்பதையும் நீங்கள் அறிந்தே ஆக வேண்டும்.

நம் கீழ் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த மேட்டில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெடிப்பு விழுந்தது ஞாபகம் இருக்கும். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "பெரிய மழைன்னா பாத்து இருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். தோட்டத்துத் துரையும் அதைத்தான் சொன்னார், கோயில் ஐயரும் அதைத்தான் சொன்னார். எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது என்று யோசித்தது அக்கா ஒருத்திதான். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, விஞ்ஞான ஆசிரியர் கழித்துவிட்ட ஒரு மடிகணினியைக் கேட்டு வாங்கி வந்தாள். அதில் ஆங்கில 'ஈ' எழுத்து கழன்று விழுந்திருந்தது. ஈ விழுந்த தேநீர் பார்த்திருப்பீர்கள் மாமா, ஈ விழுந்த கணினி இலங்கையிலேயே அது ஒன்றுதான். அந்த ஓட்டைக்குள் தீக்குச்சியை விட்டுக் குத்திக் குத்தியே ஆறு மாதத்தில் முழுச் செயலியையும் எழுதி முடித்தாள். வானிலை மையங்கள் இணையத்தில் வெளியிடுகிற புயல் விபரத்தை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்து, புயல் வங்காள விரிகுடாவில் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அது சொல்லும். அதோடு, நம் தோட்டத்து ஆபீசில் தினமும் காலையில் அளக்கிற மழையையும் அக்கா நடந்து போய்க் கேட்டு அதற்குள் ஏற்றுவாள். "காத்து மலையேறி வர்றதுக்குள்ள செத்துரும்டா, மழைதான் நம்மள தேடி வரும்" என்பாள். புயலும் கிட்ட வந்து, மூன்று நாள் மழையும் ஓர் அளவைத் தாண்டினால் லயத்தில் உள்ள போன்களெல்லாம் அலறும். இதுதான் அந்த ஆப்பு.

முதலில் அவள் படித்த பாடத்தில் இருந்தபடியே அதற்கு 'ஹரிகேன்' என்று பெயர் வைத்திருந்தாள். அம்மா கேட்டுவிட்டு, "அரிக்கேன் லாம்ப தேட போன் எதுக்குடி, அது அட்டாலையில, கூரைக்கு அடியிலதான கெடக்கு" என்றார். அன்றைக்கே அந்தப் பெயர் எடுபட்டு, வெறும் 'ஆப்பு' என்று ஆயிற்று. முதல் வாரம் அது காட்டிய இடத்தில் புயல் ஐந்தரை மணித்தியாலத்துக்கு முன்புதான் இருந்திருக்கிறது. உலக நேரத்தை நம் நேரமாக மாற்ற விட்டுப்போய்விட்டது. நம் பதுளை ரயில்கூட அவ்வளவு பிந்தாது என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகுதான் சிரித்தாள், அதுவும் என் பகிடிக்கு அல்ல. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, தகவல் தருகிறவர்கள் தங்கள் பக்கத்தில் எதையோ இடம் மாற்றி வைக்க, நம் செயலி புயலை ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்றாம் காம்பரா வீட்டுக்காரர்களின் போனில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. இன்னொருவர் போனில் இடம் போதாமல் கல்யாண வீடியோவை அழிக்கச் சொல்லி, புருஷன் பெண்சாதி சண்டையில் அக்கா நடுவராக இருக்க வேண்டியதாயிற்று. "ஆப் செய்யிறது ஒருநாள் கல்யாணம்டா, பராமரிக்கிறதுதான் குடித்தனம்" என்றாள். கல்யாணமே ஆகாத உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு ஒரு குட்டு வாங்கினேன். நியாயமான குட்டு.

இனி என் பங்குக்கு வருகிறேன். முதலாவது, அலாரம். அக்கா வைத்திருந்த 'டிங் டிங்' சத்தத்துக்கு நம் லயத்தில் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது விடியற்காலையில் வாசலில் நின்று, "ஏய், இன்னுமா தூங்குறீங்க, எந்திரிங்கடா" என்று ஒரு குரல் கொடுத்தீர்களே, அதை நான் போனில் பதிந்து வைத்திருந்தேன். அதையே அலாரமாகப் போட்டேன். தங்கள் அனுமதி பெறாமல் தங்கள் குரல் கீழ் லயத்து இருபத்தேழு போன்களில் குடியிருக்கிறது. முதல் பரிசோதனையன்று பாதிப் பேர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இராமையா எப்ப வந்தாரு" என்று வாசலுக்கு வந்தார்கள். கோபிக்காதீர்கள், இது மரியாதையில் சேர்ந்தது.

இரண்டாவது, பஸ் தரிப்பிடங்கள். செயலி ஆரம்பத்தில் புயல் இருக்கும் இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு என்று காட்டியது. ஆறாம் காம்பராவில் ஆடு வளர்க்கும் பெரியாயி அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "எட்டு தசம் ரெண்டுன்னா அது எங்கடி இருக்கு, வெலிமடை பக்கமா?" என்று கேட்டார். அப்போதுதான் என் மூளையில் மின்னல் வெட்டியது. பொத்துவிலில் இருந்து மொனராகலை, பசறை, பதுளை, ஹாலிஎல வழியாகப் பண்டாரவளைக்குப் போகிற பஸ்ஸில் லத்தீப் நானா நடத்துனர். புயலும் பெரும்பாலும் அந்தக் கிழக்குப் பக்கத்தால்தானே வருகிறது. ஆகவே புயல் எந்தத் தரிப்பிடத்துக்கு நேராக வந்திருக்கிறது என்று காட்டினால் குழந்தைக்கும் விளங்கும் என்று சொன்னேன். அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஒனக்கும் மூள இருக்கு" என்றாள். இந்த வாக்கியத்தை நான் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். லத்தீப் நானாவும் சந்தோஷமாகத் தரிப்பிடப் பட்டியலை எழுதித் தந்து, வழியில் மழை எப்படி என்று போன் எடுத்துச் சொல்லவும் ஒப்புக்கொண்டார். பட்டியலை எழுத்துக்கு எழுத்து, ஒன்றும் விடாமல் ஏற்றியவன் அடியேன். ஒன்றும் விடாமல் என்பதில்தான் சிறு சிக்கல். நானா தன் வழக்கப்படி 'பசறை, தேநீர் 20 நிமிடம்' என்று எழுதியிருந்தார்.

கார்த்திகை மாதம் அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மூன்றாம் நாளாக மழை. ஆபீஸ் கணக்கில் அளவு தாண்டிவிட்டது. மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு லத்தீப் நானா போன் எடுத்தார். "தங்கச்சி, மொனராகலையால அங்கால மரமெல்லாம் விழுந்து கிடக்கு. பஸ்ஸத் திருப்பச் சொல்லிட்டாங்க. இந்த மழை ஒங்கட பக்கம்தான் வருது, ஆக்கள எழுப்புங்க" என்றார். செயலி தானாக அலறும்வரை காத்திராமல் அக்கா உடனே பொத்தானை அழுத்தினாள். இருபத்தேழு போன்களிலும் நீங்கள் ஒரே நேரத்தில் அலறினீர்கள் மாமா. மலையே அதிர்ந்தது. லயத்து ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கத்துறது இராமையா கொணம், பத்து நிமிஷத்துல அடங்கிரும்" என்றார்கள். அதற்குள் செயலி அடுத்த தகவலைக் காட்டியது: 'புயல் இப்போது: பசறை, தேநீர் 20 நிமிடம்.' அக்கா மழையில் நனைந்துகொண்டு வாசல் வாசலாகத் தட்டுகிறாள், உள்ளே எல்லோரும் நிதானமாக இருக்கிறார்கள். பெரியாயி அம்மா ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டே, "ஏன் புள்ள பறக்குற, அது பசறையில டீ குடிக்குது. வரட்டும், இன்னும் இருவது நிமிசம் இருக்கு" என்றார்.

"புயல் டீ குடிக்காது பெரியாயி அம்மா."

"நீதான போட்டிருக்க. அப்ப ஒன் ஆப்பு பொய் சொல்லுதா?"

செயலி பொய் சொல்கிறது என்று சொன்னால் பிறகு யாரும் அதை நம்ப மாட்டார்கள், உண்மை என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். மேட்டில் இருந்த வெடிப்பு அப்போது கை நுழையும் அகலத்துக்கு வந்துவிட்டது. நானாக இருந்தால் அழுதிருப்பேன். அக்கா அழவில்லை. திரும்பி நூற்று நாற்பது படியும் ஏறி, எதிர்மேட்டில் இருக்கும் இந்தப் பாடசாலைக்கு ஓடினாள். திருவிழாவுக்கு வாங்கிய ஒலிபெருக்கி இங்கேதான் இருக்கிறது. அதைப் போட்டு, புயல் வருகிறது என்றோ மண் சரிகிறது என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் காலையில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவார்களே, அந்தக் குரலில், "கீழ் லயம், பெரட்டு" என்று ஒரு சத்தம் போட்டாள். பிறகு செயலியில் இருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தாள். "ஒண்ணாம் காம்பரா, முத்துலெச்சுமி. வரலேன்னா பேர் இல்ல."

மாமா, நீங்களும் பெரட்டுக்களத்தில் நின்று வளர்ந்தவர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புயலுக்கு அசையாத சனம், உங்கள் குரலுக்கே அசையாத சனம், பெயரும் அன்றைய சம்பளமும் போய்விடும் என்றதும் எழுந்தது. மூளை யோசிப்பதற்கு முன்னால் கால் நடந்துவிட்டது. இரண்டு பேர் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டி, முதுகில் கொழுந்துக் கூடையும் மாட்டிக்கொண்டு படியேறினார்கள். பாதி வழியில்தான் இன்றைக்கு வேலை இல்லையே என்று ஞாபகம் வந்ததாம், ஆனாலும் திரும்பவில்லை. முத்துலெச்சுமி அம்மா வந்து நின்றதும், "வந்துட்டேங்க" என்று கை தூக்கினார். அக்கா அவருக்கு எதிரே போனில் ஒரு சரி போட்டாள். பெரியாயி அம்மா நான்கு ஆடுகளையும் இழுத்துக்கொண்டு வந்து, "எம் பேர கூப்பிட்டியா? போடு, நல்லா போடு. ஆட்டுக்கும் நாலு போடு" என்றார். கொட்டுகிற மழையில் அக்கா ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாமல், பெயர் தவறாமல், குழந்தைகள் வரைக்கும் கூப்பிட்டு முடித்தாள். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நின்று, போன் நனையாமல் குடை பிடித்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஐம்பத்துமூன்று பேர், ஐம்பத்துமூன்று சரி. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு மேடு இறங்கியது. சத்தம் அவ்வளவு பெரிதாகக்கூட இல்லை மாமா, லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நான்காம் காம்பராவில் இருந்து ஒன்பதாம் காம்பரா வரைக்கும் இல்லை. நம்முடையது ஏழு. செத்தது ஒரு சேவல், அதற்குப் பட்டியலில் பெயர் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு இங்கே யாரும் அக்காவை 'சுதா' என்று கூப்பிடுவதில்லை. பெரியாயி அம்மாவே, "கங்காணி அம்மா டீ குடிச்சாச்சா" என்று கேட்கிறார். எதிர்மேட்டு லயத்துக்காரர்களும் பசறைப் பக்கத் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரும் வந்து தங்கள் பெயர்களையும் பட்டியலில் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே செயலியைத் திருத்துகிறாள். முதல் திருத்தம், பசறைத் தேநீர் நிறுத்தப்பட்டது. இரண்டாவது, எச்சரிக்கை வந்ததும் செயலியே பெரட்டுப் பட்டியலைத் திறக்கும். இன்னும் என்னென்னவோ அவளுக்குத் தெரிய வேண்டியிருக்கிறதாம், அதைத்தான் பண்டாரவளையில் படிக்க வேண்டுமாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, மடிகணினியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனால் கடையில் கணக்கு ஒரு சதம் பிசகாது, அது நிச்சயம். ஆனால் தகவல் தருகிறவர்கள் அடுத்த முறை எதையாவது இடம் மாற்றி, புயல் மறுபடி ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டால், அதைத் திருப்பிக் கொண்டுவர இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. பிரதம பராமரிப்புப் பொறியியலாளர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார்தான். அவருக்குத் தீக்குச்சியால் குத்தத் தெரியும், எங்கே குத்துவது என்று தெரியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். வந்து, உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்காவின் போனில் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பிறகு உங்களுக்குச் சரி என்று படுவதைச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்போம். பண்டாரவளைக் கடிதத்தைப் பற்றி நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், அக்காவின் குட்டு முன்பு மாதிரி இல்லை, இப்போது பதவிக்கு ஏற்ற கனம் வந்துவிட்டது. அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும். அம்மா இப்போது தரம் ஐந்தில் குடித்தனம் நடத்துகிறார், பலகையில் எழுதியிருக்கும் பின்னக் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பாதி கற்றுக்கொண்டார். உங்கள் தொண்டையும் இருபத்தேழு போன்களில் உள்ள அதன் பிரதிகளும் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் பாசத்துக்குரிய மருமகன்,
சு. அஜந்தன்
(பிரதம பராமரிப்புப் பொறியியலாளர்)

பி.கு: மாமா, உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு சிறு திருத்தம். பட்டியலைப் பாருங்கள் என்று மேலே எழுதிவிட்டேன். அதைப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சரி போட்ட நேரமும் இருக்கும். ஐம்பத்திரண்டு பேருக்கு இரண்டரைக்குள் சரி விழுந்திருக்கிறது. ஒருவனுக்கு மட்டும் இரண்டு நாற்பத்தேழு. அது சுப்பையா மகன் அஜந்தன், ஏழாம் காம்பரா. அன்று மத்தியானம், அக்காவுக்கு உதவப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வீட்டில் எல்லோரும் வெளியே போன பிறகு திரும்ப உள்ளே நுழைந்து காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா நான் அக்காவுடன் இருப்பதாக நினைத்தார், அக்கா நான் அம்மாவுடன் வருவதாக நினைத்தாள். அலாரம் எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் பரிசோதனைச் சத்தங்கள் விளையாட்டுக்கு இடைஞ்சல் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே என் போனில் மட்டும் அதை நிறுத்திவிட்டிருந்தேன். பெயர் கூப்பிட்டபோது பதில் வராத ஒரே பெயர் என்னுடையது. அக்கா ஒலிபெருக்கியைப் பெரியாயி அம்மா கையில் கொடுத்துவிட்டு நூற்று நாற்பது படியும் இறங்கி வந்தாள். குடை எதுவும் இருக்கவில்லை, போனை ஒரு உரப் பையில் சுற்றியிருந்தாள். என் சட்டைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஏன் என்று கேட்க வாய் திறந்தேன், திறந்த வாயோடேயே படியேறினேன். மேலே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குச் சரி போட்டாள். மேடு இறங்கியது அதற்கு ஐந்து நிமிடம் கழித்து. பெரியாயி அம்மாவையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்த நேரத்தை மட்டும் மாற்றி இரண்டு இருபது என்று போட்டுவிடேன், மாமா பார்ப்பார் என்று நேற்று அவளிடம் கெஞ்சினேன். "பதிவ மாத்தக் கூடாதுடா, அப்புறம் அத யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அதனால்தான், நீங்கள் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.